கத்துவதற்கு ஆள் எடுத்த வெள்ளிக்கிழமை

வார விடுமுறையான ஒரு வெள்ளிக்கிழமை காலை, சவூதியின் ஜுபைலில் எங்கள் கேம்ப் வாசலில், பேஸ்பால் ஆட்டம் பார்க்க எங்களை அழைத்துப்போக ஒரு பஸ் வந்து நின்றது. மற்றவர்கள் துவைத்த சட்டை போட்டு, தலை வாரி, வெறுங்கையோடு வந்தார்கள். ஃபிட்டர் மட்டும் தன் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மூடி திறந்துவிடாதபடி அதைக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தார். பஸ் படியருகே நின்ற அமெரிக்க சூப்பரின்டெண்ட், பெட்டிக்குள் என்ன என்று என்னிடம் கேட்டார். சாப்பாடு என்றேன். இவ்வளவா என்றார். அவருக்குக் கொஞ்சம் பசி அதிகம் என்றேன். சூப்பரின்டெண்ட் சிரித்துவிட்டு, எல்லாருக்கும் கொடுத்த மஞ்சள் தொப்பியில் ஒன்றை ஃபிட்டரின் தலையிலும் வைத்தார். ஃபிட்டர் அந்தத் தொப்பியைக் கழற்றி, உள்பக்கம் திருப்பிப் பார்த்து, மறுபடி போட்டுக்கொண்டு ஏறினார். பஸ்ஸில் கடைசி இருக்கையில் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். அது எங்களை மைதானத்துக்குக் கொண்டுபோகும் பஸ் என்பதை அவர் நம்பவில்லை. விமான நிலையத்துக்குப் போகிறது என்றே நினைத்தார்.

எழுபதுகளின் கடைசியில் ஜுபைல் என்பது கடலோரம் தோண்டிப் போட்ட மணலும், கிரேன்களும், வரிசை வரிசையாக நின்ற போர்ட்டா கேபின்களும்தான். பின்னால் பெரிய தொழில் நகரமாகப் போகிற இடம் என்று வரைபடங்களில் இருந்தது. அந்த வரைபடங்களில் ஒரு மூலையை வரைகிற வேலை எனக்கு. திருச்சியில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்துவிட்டு, ஒப்பந்த வேலைக்கு அங்கே போயிருந்தேன். எங்களை எடுத்தது ஓர் ஆள் சப்ளை கம்பெனி. வேலை வாங்கியது அமெரிக்கர்கள். பாஸ்போர்ட் ஆள் சப்ளைக்காரனின் பீரோவில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வந்ததால், வரைவதோடு பேசுகிற வேலையும் சேர்ந்துகொண்டது. யாருக்காவது காய்ச்சல், லீவு, சம்பளத்தில் குழப்பம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் கேபினில் இருந்தவர்களில் ஃபிட்டரும் ஒருவர். பரமக்குடிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். பைப் லைனில் அவருக்குக் கீழே ஒரு கூட்டமே வேலை பார்த்தது. ஆனாலும் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். நானும் ‘ஃபிட்டர்’ என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன்.

எதையும் சந்தேகப்படுவது அவருக்கு உடம்போடு ஒட்டிய குணம். புதுக் கம்பளி கொடுத்தால் அதை உதறிப் பார்த்துவிட்டு, எதற்குக் கொடுத்தார்கள் என்று இரண்டு நாள் யோசிப்பார். கேம்ப் டாக்டர் எல்லாருக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தால், மற்றவர்கள் விழுங்கி எழுந்து நடமாடும்வரை தன் மாத்திரையைக் கையிலேயே வைத்திருப்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார். இதற்கு முன்பு வேறொரு கேம்ப்பில் இருந்தபோது அவர் ஒன்றைப் பார்த்திருந்தார். சாப்பாடு கெட்டுப்போனது பற்றிச் சத்தம் போட்டவர்களை மெடிக்கல் செக்கப் என்று சொல்லி ஒரு பஸ்ஸில் ஏற்றினார்களாம். போனவர்கள் திரும்பி வரவே இல்லை. கொஞ்ச நாள் கழித்து பம்பாயிலிருந்து தகவல் வந்ததாம், எல்லாரும் கட்டிய துணியோடு இறங்கினார்கள் என்று. “பஸ்ஸுன்னு யாராச்சும் சொன்னாலே எனக்கு அந்த பஸ்ஸுதான் நெனப்புல வருது சார்” என்பார்.

அவருடைய மைத்துனனும் எங்கள் கேபினில் இருந்தான். மனைவியின் தம்பி. ஃபிட்டர்தான் ஊரில் பெண் வீட்டாரிடம் பேசி, தன் பொறுப்பு என்று சொல்லி, அவனை எலக்ட்ரீஷியன் வேலைக்கு அழைத்து வந்திருந்தார். அவர் அவனை ‘மாப்ளே’ என்பார், அவன் அவரை ‘மச்சான்’ என்பான். குணத்தில் அவன் நேர் எதிர். யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வான், யாரோடும் சிரிப்பான். அவனுக்கு அபாரமான தொண்டை. டவரின் உச்சியில் நின்று கத்தினால் மெஸ்ஸில் இருப்பவனுக்குக் கேட்கும். வாக்கிடாக்கி வேலை செய்யாத நாளில் அவனை மேலே ஏற்றிவிடு என்று சைட்டில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

அந்தத் தொண்டைதான் வினையாயிற்று. கோடையில் எங்கள் குடிதண்ணீரில் டீசல் வாடை வர ஆரம்பித்தது. டேங்கர் லாரியில் வருகிற தண்ணீர். சொல்லிச் சொல்லிப் பார்த்தோம். ஒருநாள் காலை யாரும் டியூட்டிக்குப் போகாமல் மெஸ் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். திட்டம் போட்டு நடந்தது இல்லை. ஒருவர் உட்கார, இன்னொருவர் உட்கார, அப்படியே நடந்துவிட்டது. சூப்பரின்டெண்ட் ஜீப்பில் வந்து இறங்கினார். நான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசினேன். பின்னால் மெஸ் படியில் ஏறி நின்று மைத்துனன் கத்தினான்: “தண்ணி மாஃபி, டியூட்டி மாஃபி!” ‘மாஃபி’ என்றால் அரபியில் இல்லை; கூட்டம் அதையே திருப்பிச் சொன்னது. சூப்பரின்டெண்ட் தலையை நிமிர்த்தி அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். யார் அந்தப் பையன், இப்படிக் கத்துகிறானே என்று என்னிடம் கேட்டார். அப்போது அவர் முகத்தில் கோபம் இருந்ததா, வேடிக்கை இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு டேங்கர் வந்தது, தண்ணீர் நன்றாயிற்று. எல்லாரும் வேலைக்குப் போனார்கள். ஆனால் கேம்ப்பில் பேச்சு குறைந்துவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டதே, இதற்கு எப்போது கணக்குத் தீர்ப்பார்கள் என்ற பயம் எல்லார் மனதிலும் இருந்தது.

இந்த நிலைமையில்தான் சூப்பரின்டெண்ட் என் மேஜைக்கு வந்து, ஒரு வெள்ளிக்கிழமைக்குக் கத்துவதற்கு ஆள் வேண்டும் என்றார். எனக்குப் புரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து விளக்கினார். எங்கள் சைட்டில் இருந்த அமெரிக்கர்கள் ஒரு பேஸ்பால் அணி வைத்திருந்தார்கள். தெற்கே, எண்ணெய்க் கம்பெனிக் காலனியில் இன்னொரு அணி. அங்கே குடும்பங்கள் இருந்தன. மனைவி மக்கள் எல்லாம் வந்து உட்கார்ந்து கத்துவார்களாம். இவர்கள் அணிக்குக் கைதட்ட ஒரு நாய்கூட இல்லையாம். அவருடைய ஊரில் பெரிய ஸ்டேடியம் இருக்கிறதாம். தன் அணி வெளியூருக்கு ஆடப் போனால் அவரும் அவர் அப்பாவும் காரில் பின்னாலேயே போவார்களாம். ஒருமுறை இரண்டு நாள் கார் ஓட்டிப்போய், எதிரணியின் ஆட்கள் நிறைந்த ஸ்டேடியத்தில் இவர்கள் இரண்டு பேர் மட்டும் தங்கள் கலர் சட்டையோடு உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினார்களாம். அதைச் சொல்லும்போது அவர் குரலே மாறிப்போனது. பஸ்ஸும் கூல் டிரிங்ஸும் தன் பொறுப்பு என்றார். பிறகு எழுந்து போகையில், அந்தத் தண்ணீர்ப் பையன் கட்டாயம் வர வேண்டும் என்றார். கதவு வரை போனவர் திரும்பி, அவனை மறந்துவிடாதே என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

அன்று சாயங்காலம் கேபினில் இதைச் சொன்னதும் ஃபிட்டர் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார்.

“பந்து வெளையாட்டப் பாக்க ரெண்டு நாளு காரு ஓட்டுனானாமா? இத நம்புறீங்களா நீங்க?”

“அவங்க ஊர் வழக்கமா இருக்கும் ஃபிட்டர்.”

“ஆள் புடிச்சுக் கத்தச் சொல்றது எந்த ஊரு வழக்கம்? தண்ணிக்குக் கத்துனவனப் பேரு தெரியாமயே அடையாளம் வச்சுக் கேக்குறான். அதுவும் ரெண்டு தடவ. இது அந்த பஸ்ஸுதான் சார்.”

மைத்துனன் கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு, “மச்சான், ஓசியில ஊர் சுத்திக் காட்றாய்ங்க, கூல் டிரிங்ஸ் வேற உண்டாம். போயிட்டு வருவமே” என்றான்.

“நீ வாய மூடு. உங்கக்காவுக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

கேம்ப் முழுக்க இதே பேச்சாகிவிட்டது. நான் கேட்டவர்களில் பாதிப்பேர் வரவில்லை என்றார்கள். வருகிறேன் என்றவர்களும் அடுத்த நாள் வயிற்றுவலி என்றார்கள். நான் எதற்கு இவ்வளவு ஆர்வமாக ஆள் சேர்க்கிறேன் என்றும் சிலர் பேசிக்கொண்டதாகக் காதில் விழுந்தது. கடைசியில் ஃபிட்டர் ஒரு முடிவோடு வந்தார். மைத்துனன் வர மாட்டான். அவன் இடத்தில் அவர் வருவார். யாரையும் போகக் கட்டாயப்படுத்தவில்லையே, நீங்கள் இருவருமே இருந்துவிடலாமே என்றேன். யாரும் போகாவிட்டால் கேம்ப்புக்கே வந்து பிடிப்பான், ஒருவன் போய்த் தலை காட்டினால் இன்னொருவனை விட்டுவிடுவான் என்றார். அவர் கணக்கில் அது சரியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, மைத்துனன் சட்டையை மாட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே பாதி வழி வந்துவிட்டான். ஃபிட்டர் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவனுடைய இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பி, கேபினைப் பார்க்கத் தள்ளினார். “போயித் தூங்கு மாப்ளே” என்றார். அவன் சிரித்துக்கொண்டே போனான். சூப்பரின்டெண்ட் என்னிடம், அந்தப் பையன் எங்கே என்றார். உடம்பு சரியில்லை என்றேன். கேபின்கள் இருந்த பக்கம் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிரைவரிடம் ‘யல்லா’, கிளம்பு என்றார்.

பஸ் தெற்கே போன தார்ச் சாலையில் வழி நெடுக ஒன்றுமில்லை. மணல், ஒட்டகம், மறுபடி மணல். விமான நிலையத்துக்குப் பிரிகிற சாலையின் பலகை வந்தபோது பஸ்ஸுக்குள் எல்லாரும் அதையே பார்த்தார்கள். ஃபிட்டர் பெட்டிக் கயிற்றை இறுகப் பிடித்தார். பஸ் நேராகப் போனது. முன்னால் இருந்தவர்கள் சிரித்துப் பேச ஆரம்பித்தார்கள். அவர் மட்டும், “இது வேற ரோடாவும் இருக்கலாம்” என்றார். காலனி வாசலில் காவலாளி பெட்டியைத் திறக்கச் சொன்னான். கயிற்றை அவிழ்க்கவே நேரமாயிற்று. உள்ளே மடித்த சட்டைகள், கைலிகள், மனைவிக்கு வாங்கிய நைலக்ஸ் சேலை, துணியில் சுற்றிய ஒரு டூ-இன்-ஒன் ரேடியோ, தைலப் புட்டிகள். சாப்பாடு என்று நான் சொன்னதை சூப்பரின்டெண்ட் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பெட்டியைப் பார்த்தார், ஃபிட்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ஃபிட்டர் எதற்குத் தயாராக வந்திருக்கிறார் என்று அவருக்கு அப்போது புரிந்துவிட்டது என்றே நினைக்கிறேன். இறங்கிப் போய்விட்டார்.

வேலிக்கு அந்தப்பக்கம் வேறு ஒரு நாடு இருந்தது. புல்தரை போட்ட வீடுகள், அரைக்கால் சட்டையில் பெண்கள், சைக்கிளில் பிள்ளைகள். மைதானத்தில் மட்டும் புல் இல்லை. எண்ணெய் தெளித்து இறுக்கிய மணல், அதில் சுண்ணாம்புக் கோடுகள். ஒரு பக்கம் மரப் பலகைகளை அடுக்கடுக்காக வைத்து உட்கார இடம் செய்திருந்தார்கள். அதன் ஒரு மூலையில் மஞ்சள் தொப்பிகளோடு நாங்கள். மீதி இடம் முழுக்கக் காலனிக் குடும்பங்கள். எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் தன் குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துக்கொண்டாள். சந்தேகம் எங்களுக்கு மட்டும் சொந்தமான சரக்கு இல்லை என்று அப்போது தெரிந்தது.

ஆட்டம் எனக்குப் பாதிதான் புரிந்தது. ஒருவன் எறிகிறான், ஒருவன் உருட்டுக்கட்டை மாதிரியான மட்டையை வைத்துக்கொண்டு நிற்கிறான். அடித்தால் ஓட வேண்டும். மூன்று தடவை தவறவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும். ஓடுகிறவன் சுற்றி வந்து, கிளம்பின இடத்தையே தொட்டால் ஒரு புள்ளி. எப்போது கத்துவது என்று தெரியாமல் நாங்கள் சூப்பரின்டெண்டைப் பார்ப்போம். அவர் கையைத் தூக்கினால் கத்துவோம். முதலில் வெட்கமாக இருந்தது. ஃபிட்டர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. வேலிக்கு வெளியே நின்ற பஸ்ஸையும், அதில் டிரைவர் இருக்கிறானா என்பதையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படி இருந்தபோது, அடித்த பந்து ஒன்று கோணலாக எகிறி நேராக அவர்மேல் வந்தது. தலையைக் காப்பதற்காகக் கையைத் தூக்கினார், பந்து கைக்குள் நின்றுவிட்டது. கூட்டம் முழுக்கக் கைதட்டியது. பந்தை வைத்துக்கொள் என்று எல்லாரும் சைகை காட்டினார்கள். கூட்டத்துக்குள் வந்து விழும் பந்து பிடித்தவனுக்கே சொந்தம், அது அந்த ஆட்டத்தின் வழக்கம் என்று நான் கேட்டுச் சொன்னேன். ஃபிட்டர் எழுந்து, சிவந்த உள்ளங்கையோடு படி படியாக இறங்கிப்போய், வேலிக்கு மேலே பந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். கூட்டம் ‘ஓ’வென்று சிரித்தது.

“இன்னைக்கு வச்சுக்கம்பாய்ங்க, நாளைக்குப் பெட்டியத் தெறந்து களவுன்னுருவாய்ங்க. எனக்கு எதுக்கு சார் அது?” என்றார்.

ஆனால் ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் ஒன்று நடந்தது. எங்கள் அணியில் தொந்தி பெருத்த வெல்டிங் ஃபோர்மேன் ஒருவர் இருந்தார். சைட்டில் நாற்காலியை விட்டு எழாதவர். அவர் எப்படியோ அடித்துவிட்டு ஓட ஆரம்பித்தார். தொப்பி பறக்க, தொந்தி குலுங்க, மூச்சு வாங்க ஓடிவருகிறார். பந்தும் அவரைத் துரத்தி வருகிறது. என் பக்கத்தில் திடீரென்று ஒரு குரல்: “ஓடுறா! ஓடுறா! ஏய், விடாத, ஓடுறா!” ஃபிட்டர் பலகைமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். பெட்டி கீழே கிடந்தது. ஃபோர்மேன் மணலில் விழுந்து சறுக்கி இடத்தைத் தொட்டார். ஃபிட்டர் இரண்டு கையையும் தூக்கிக் குதித்தார், என்னைக் கட்டிப்பிடித்தார். அவரை அப்படிச் சந்தோஷமாக நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் பாடினார்கள். அவர் பாடவில்லை என்றாலும், பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுத் தூங்கினார்.

வெயில் சாயும் நேரத்துக்குக் கேம்ப் வந்து சேர்ந்தோம். வாசலில் யாரும் இல்லை. மெஸ் முன்னால் நின்றவர்கள் எங்கள் மஞ்சள் தொப்பிகளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மலையாளி சமையற்காரர் மட்டும் என்னிடம் வந்தார்.

“நிங்கள் போயி ஒரு மணிக்கூர் ஆகல சாரே. வேற பஸ் வந்து. மெடிக்கல்னு சொல்லி ஆளக் கொண்டுபோயி.”

“யாரை?”

“அன்னைக்குத் தண்ணிக்காகச் சத்தம் போட்டவங்கள. எதுக்குன்னு கேக்கக்கூட ஒரு ஆளில்ல. இங்கிலீஷ்ல பேச நீங்க இல்லல்லோ.”

ஃபிட்டர் அதற்குள் கேபினுக்கு ஓடியிருந்தார். மைத்துனனின் கட்டிலில் போர்வை கலைந்து கிடந்தது. அவனுடைய செருப்பு கட்டிலுக்கடியில் இருந்தது. செருப்பைக்கூடப் போட விடாமல் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பித்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். தூங்கச் சொன்னதே ஃபிட்டர்தான். அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “நான் அங்க ஓடுறா ஓடுறான்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன் சார்” என்றார். அப்போதும் அவர் தலையில் அந்தத் தொப்பி இருந்தது. நான்தான் எடுத்தேன்.

அதன்பிறகு வந்த வாரங்கள் எனக்கு மறக்காது. ஆட்டம் பார்க்கப் போனவர்கள் யாருக்கும் மெஸ்ஸில் மற்றவர்கள் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. நாங்கள் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். எங்களை வெளியே அழைத்துப்போய் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பிடித்தார்கள், எங்களுக்கு முன்பே தெரியும் என்பது கேம்ப்பின் முடிவு. சொந்த மைத்துனனையே பிடித்துக் கொடுத்தவர் என்று ஃபிட்டரைப் பற்றி ஒருவன் அவர் காதுபடச் சொன்னான். அவர் சண்டைக்குப் போகவில்லை. எனக்கு வேறு ஒரு சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. அந்தப் பஸ் வந்தபோது நின்று கேள்வி கேட்டிருக்கக்கூடிய ஒரே ஆள் நான். என்னை அப்புறப்படுத்தத்தான் இத்தனை நாடகமா? பேஸ்பால், தொப்பி, அப்பாவோடு கார் ஓட்டிய கதை எல்லாமே அதற்குத்தானா? ஃபிட்டருக்கு வந்த சந்தேகம் இதற்கு நேர்மாறானது. வெள்ளைக்காரருக்கு முன்பே தெரிந்திருக்கிறது, தடுக்க அவரால் முடியவில்லை, அதனால் முடிந்தவர்களைப் பஸ்ஸில் ஏற்றி வெளியே கொண்டுபோனார். அதற்காகத்தான் பையனை இரண்டு தடவை கேட்டார். காப்பாற்ற வந்த பஸ்ஸில் ஏறவிடாமல் அவனைத் திருப்பி அனுப்பியது தான்தான் என்று நினைத்தார். என் சந்தேகம் உண்மையென்றால், அவன் எங்களோடு வந்திருந்தாலும் இன்னொரு நாள் பிடித்திருப்பார்கள், ஃபிட்டர்மேல் ஒரு தப்பும் இல்லை. அதை எத்தனையோ முறை எடுத்துச் சொன்னேன். அவர் தன் சந்தேகத்தையே பிடித்துக்கொண்டார்.

கடைசியில் இருவருமாக சூப்பரின்டெண்டின் ஆபீசுக்குப் போனோம். நான் நேராகவே கேட்டேன், உங்களுக்குத் தெரியுமா என்று. ஆள் எடுப்பதும் அனுப்புவதும் சப்ளைக்காரர்கள் விவகாரம், தன் கையில் இல்லை என்றார். அது நான் கேட்டதற்குப் பதில் இல்லை என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஃபிட்டரைப் பார்த்து, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அந்தப் பையனை இரண்டு தடவை கேட்டேனே என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார். நான் மொழிபெயர்க்கவே வேண்டியிருக்கவில்லை. ஃபிட்டர் அந்த இரண்டு விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து வெகுதூரம் நடந்த பிறகு, “அந்தாளு அதுக்குமேல எப்படிச் சொல்லுவான் சார்?” என்றார். நான், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இப்போது சேர்த்துக்கொண்ட பேச்சு என்றேன்.

அடுத்த ஆட்டத்துக்கும் பஸ் வந்தது. சூப்பரின்டெண்ட் படியருகே நின்றார். கேம்ப்பிலிருந்து ஒருவரும் போகவில்லை. நான் போவதா என்று ஒரு கணம் தடுமாறியபோது ஃபிட்டர் என் கையைப் பிடித்தார். “நீங்க எங்கயும் போகாதீங்க சார். இங்க பேச ஒரு ஆளு இருக்கணும்” என்றார். என் ஒப்பந்தம் முடியும்வரை எந்த வெள்ளிக்கிழமையும் நான் கேம்ப்பை விட்டு வெளியே போகவில்லை. மெல்ல மெல்ல மெஸ்ஸில் எங்கள் பக்கத்திலும் ஆட்கள் உட்கார ஆரம்பித்தார்கள். அந்த வருடமே சூப்பரின்டெண்டை மேற்குக் கடற்கரையில் இருந்த யான்பு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். போகும் முன்பு என் மேஜைக்கு வந்து கை கொடுத்தார். எப்போதாவது அமெரிக்கா வந்தால் தன் ஊர் ஸ்டேடியத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அவர் எதற்காக அதைச் சொல்கிறார் என்று, வழக்கம்போல யோசித்தேன்.

மைத்துனன் பம்பாயில் வெறுங்காலோடு இறங்கி, ஊர் போய்ச் சேர்ந்து, பரமக்குடியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்து நன்றாகவே இருந்தான். மச்சான்மேல் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லையாம். ஃபிட்டரை அதுதான் வதைத்தது. “சிரிச்சுக்கிட்டே பேசுறான் சார். உள்ள என்ன வச்சிருக்கானோ” என்று தீபாவளிதோறும் ஃபோனில் சொல்வார். இத்தனை வருடமும் அந்தப் பேச்சு நின்றதில்லை.

போன வருடம் என் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் வேலை பார்ப்பது அந்த சூப்பரின்டெண்டின் ஊரில். ஒரு சாயங்காலம் என்னை ஸ்டேடியத்துக்கு அழைத்துப் போனாள். நான் கற்பனை செய்து வைத்திருந்ததை விடப் பெரியது. பச்சைப் புல், கண் கூசும் விளக்கு, ஆயிரக்கணக்கில் ஆட்கள். வாசலில் பையைச் சோதித்தபோது எனக்கு வியர்த்தது, உட்கார்ந்ததும் வெளியே போகும் வழி எங்கே என்று பார்த்து வைத்துக்கொண்டேன். எங்களுக்குக் கீழ்வரிசையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு சின்னக் கூட்டம் இருந்தது. எதிரணியின் ஆட்கள். வேறு மாநிலத்திலிருந்து இரவெல்லாம் கார் ஓட்டி வந்தவர்கள் என்று அவர்களோடு பேசி மகள் சொன்னாள். அவர்களில் ஒரு கிழவரும் அவர் மகனும் இருந்தார்கள். சுற்றிலும் எதிரி நிறம், நடுவில் இவர்கள் எழுந்து நின்று கத்துகிறார்கள். யாரும் கூலி கொடுக்கவில்லை, யாரும் பஸ்ஸில் ஏற்றி வரவில்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறார்கள். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளிடம் கேட்டு அங்கிருந்தே ஃபிட்டருக்கு ஃபோன் போட்டேன். ஊரில் அப்போது விடிகிற நேரம். எடுத்ததும், “என்ன சார், யாருக்கு என்ன ஆச்சு?” என்றார்.

“யாருக்கும் ஒன்னும் ஆகல ஃபிட்டர். நம்ம சூப்பரின்டெண்ட் ஊரு ஸ்டேடியத்துல இருக்கேன். அவர் சொன்னது நிஜம்தான். இங்க உண்மையிலேயே டீம் பின்னாடியே கார் ஓட்டிக்கிட்டு வர்றாங்க. வந்து கத்துறாங்க.”

அந்தப் பக்கம் கட்டில் கிரீச்சிட்டது, எழுந்து உட்கார்ந்திருப்பார்.

“அப்ப ரெண்டு தடவ கேட்டது?”

“தொண்டைக்காகக் கேட்டிருப்பார். அவ்வளவுதான். அவருக்கு முன்னாடியே எதுவும் தெரிஞ்சிருக்காது. பிடிச்சுக் கொடுக்கவும் இல்ல, காப்பாத்தவும் இல்ல. கத்த ஆள் வேணும்னார், நல்லாக் கத்துறவனைக் கேட்டார்.”

பிறகு மெதுவாகக் கேட்டார்: “இத எனக்காகச் சொல்றீங்களா சார், நெசமாவே சொல்றீங்களா?”

எனக்கே அது தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஆரஞ்சு அணி ஆட்டக்காரன் ஒருவன் பந்தை அடித்துவிட்டு ஓட ஆரம்பித்தான். கீழ்வரிசையில் கிழவரும் மகனும் துள்ளி எழுந்தார்கள். நான் குனிந்து, ஃபோனை அவர்கள் பக்கம் நீட்டிப் பிடித்தேன். அவன் ஓடி முடிக்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு காதில் வைத்தேன். ஃபிட்டர் மூச்சு விடுவது கேட்டது.

“ஆமா சார்” என்றார். “மனசாரத்தான் கத்துறாய்ங்க.”